கக்கனின் வறுமையைப் போற்றியது போதும்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் மதுரைப் பக்கத்து மேடைகளில் ஒரு கதை தவறாமல் சொல்லப்படும். 1980-ல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நடந்தது அது. உடல்நலமின்றிச் சேர்க்கப்பட்டிருந்த, மதுரை மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வருகிறார். முன்னாள் அமைச்சர் கக்கனும் இங்கேதான் பொது வார்டில் இருக்கிறார் என்று யாரோ அவரிடம் சொல்கிறார்கள். எம்.ஜி.ஆர். அங்கே போகிறார். பத்தாண்டு காலம் மாநில அமைச்சராக இருந்தவர், காவல் துறையையே கையில் வைத்திருந்தவர், சீட்டு வாங்கி வரிசையில் நின்று சேர்ந்த நோயாளிகளுக்கு நடுவே படுத்திருக்கிறார். முதலமைச்சர் பதறிப்போய்த் தனி அறைக்கு மாற்றச் சொல்கிறார். பிறகு மருத்துவத்துக்கும் குடியிருக்க வீட்டுக்கும் அரசே ஏற்பாடு செய்கிறது. கதை இந்த இடத்துக்கு வந்ததும் கூட்டம் கைதட்டும். ‘இப்படியும் ஒரு மந்திரி இருந்தாரய்யா’ என்று பேச்சாளர் குரல் தழுதழுக்க முடிப்பார்.

கதையில் பொய் இல்லை. கேட்கிற ஒவ்வொரு முறையும் எனக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் கக்கன் என்றால் இந்த ஒரு காட்சி மட்டும்தான் என்றாகிவிட்டதே, அதுதான் பொறுக்கவில்லை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், மதுரையின் மக்களவை உறுப்பினர், மாநில காங்கிரஸ் தலைவர், பொதுப்பணித் துறை அமைச்சர், வேளாண்மை அமைச்சர், உள்துறை அமைச்சர் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட பொதுவாழ்வு அவருடையது. அத்தனையையும் ஒரு மருத்துவமனைக் கட்டில் மறைத்துவிட்டது. அவர் எப்படிப் படுத்திருந்தார் என்பதை எல்லோரும் சொல்கிறோம். என்ன செய்தார், எங்கே தவறினார் என்பதைச் சொல்ல ஆளில்லை.

மேலூரிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், கொட்டாம்பட்டிக்கு முன்னால் வருகிறது தும்பைப்பட்டி. 1908 ஜூன் 18-ல் கக்கன் அங்கே பிறந்தார். ஒடுக்கப்பட்ட குடும்பம். தகப்பனார் கிராமத்துக் கோயில் பூசாரி. பூசாரி கக்கனின் மகன் என்பதைத்தான் அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘பூ’ என்ற எழுத்து சொல்கிறது. ஊர்த் தெய்வத்துக்குப் பூசை வைக்கிற கைக்கு, இருபத்தைந்து மைல் தள்ளியிருக்கும் மீனாட்சியம்மன் கோயில் வாசலைத் தாண்ட அனுமதி கிடையாது. அந்தக் காலத்து மதுரைச் சீமை அப்படி இருந்தது.

கக்கனைப் பொதுவாழ்வுக்குக் கொண்டுவந்தவர் மதுரை வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர். ஹரிஜன சேவா சங்க வேலைகளில் ஊறியவர். தம் வீட்டிலேயே ஒடுக்கப்பட்ட மாணவர்களை வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்ததற்காகச் சொந்தச் சாதியாரின் விலக்கையும் வசவையும் வாங்கிக்கொண்டவர். கக்கனை அவர் பிள்ளையாகவே வளர்த்தார். மாணவர் விடுதி வேலை, இரவுப் பள்ளி, சேரிகளில் பிரசாரம் என்று கக்கனின் இளமை மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் கழிந்தது. 1955-ல் வைத்தியநாத ஐயர் காலமானபோது மகன்களோடு சேர்ந்து கக்கனும் இறுதிச் சடங்கு செய்தார் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள்.

1939 ஜூலை 8 காலையில் நடந்ததை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1934-ல் மதுரைக்கு வந்த காந்தி, எல்லோருக்கும் திறக்காத கோயிலுக்குள் நானும் வரமாட்டேன் என்று மீனாட்சி கோயிலுக்குப் போகாமல் திரும்பியிருந்தார். திருவிதாங்கூரில் 1936-ல் மன்னரின் பிரகடனமே கோயில்களைத் திறந்துவிட்டது. மதுரையில் அப்படி ஆணையிட மன்னர் இல்லை. ஊரைத் திரட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் கூட்டங்கள் நடந்தன. ஆதரவும் எதிர்ப்பும் சேர்ந்தே வளர்ந்தன. அன்று காலை வைத்தியநாத ஐயர் கூட்டிப்போன சிறு குழுவில் கக்கன், முருகானந்தம், சின்னையா, பூர்ணலிங்கம், முத்து ஆகியோரும் விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரும் இருந்தார்கள். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வாசலில் வரவேற்று உள்ளே அழைத்துப்போனார்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு அவர்கள் வெளியே வந்ததும் பிரச்சினை முடிந்துவிடவில்லை. பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்றார்கள். நடேச ஐயர் தலைமையில் சனாதனிகள் வழக்குக்குப் போனார்கள். உள்ளே போனவர்கள் மீதும் உள்ளே விட்ட அதிகாரி மீதும் சட்டம் பாயலாம் என்ற நிலை. ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதை ஆலயப் பிரவேச அதிகாரமளிப்புச் சட்டமாக நிறைவேற்றித்தான் அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கோயிலுக்குள் போவதென்றால் உயிரையும் உடைமையையும் பணயம் வைத்துப் போவது என்பதை இன்று நாம் மறந்துவிட்டோம். வைத்தியநாத ஐயரின் துணிச்சலைப் பாராட்டிப் பல கட்டுரைகள் வந்திருக்கின்றன, வரத்தான் வேண்டும். ஆனால் ஏதாவது ஆகியிருந்தால் ஐயர் மதுரை நகரத்து வீட்டுக்குத் திரும்பியிருப்பார். கக்கன் தும்பைப்பட்டிச் சேரிக்குத் திரும்பியிருக்க வேண்டும். அந்த நாளில் அதிகம் துணிந்தவர்கள் உள்ளே நுழைந்த அந்த இளைஞர்களே என்பது என் முடிவு. 1946-ல்தான் காந்தி மீனாட்சி கோயிலுக்குள் வந்து கும்பிட்டார்.

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கக்கன் பிடிபட்டு அலிப்புரம் சிறைக்குப் போனார். சிறையிலிருந்து விடுதலையான பின் வேகமான ஏற்றம். 1946-ல் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி, தாட்சாயணி வேலாயுதன், காமராஜர் ஆகியோர் அமர்ந்த அதே மன்றம். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது பிரிவு அந்த மன்றத்தில்தான் நிறைவேறியது. சட்டம் எழுதிய சபையில், அந்தச் சட்டம் யாருக்காகவோ அவரே உட்கார்ந்திருந்தார். நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் கக்கனைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அதிலிருந்து ஆரம்பித்திருக்கலாம்.

1952-ல் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார். 1954-ல் காமராஜர் முதலமைச்சரான பிறகு, அவர் விட்ட மாநில காங்கிரஸ் தலைவர் பொறுப்புக்குக் கக்கன் வந்தார். ஆளுங்கட்சியின் மாநிலத் தலைவராக ஒரு தலித்! மாவட்டக் கமிட்டிகளில் பண்ணையார்களும் மில் முதலாளிகளும் பேருந்து உரிமையாளர்களும் நிறைந்திருந்த கட்சி அது. அவர்கள் தலைவர் என்று கைகூப்ப வேண்டிய இடத்தில் தும்பைப்பட்டிப் பூசாரி மகன் உட்கார்ந்தார். காமராஜரின் நிழலில் நடந்தது என்பார்கள். காமராஜர்தான் கட்சியை உள்ளிருந்து நடத்தினார் என்பதும் உண்மை. நிழலோ வெயிலோ, அந்த நாற்காலியில் அவரை அமர்த்தியது ஓர் அரசியல் முடிவு. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஆட்சியில் இருந்த கட்சிகள் அந்த முடிவைத் திரும்ப எடுத்ததாகத் தெரியவில்லை.

1957 தேர்தலில் மேலூரில் வென்று அமைச்சரானார். காமராஜர் அமைத்த அமைச்சரவையில் மொத்தமே எட்டுப் பேர். பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், மாணிக்கவேலு நாயக்கர், ராமையா, லூர்தம்மாள் சைமன், கக்கன். எட்டாவது ஆள் காமராஜர். முந்தைய அமைச்சரவையில் பரமேஸ்வரனிடம் இந்து சமய அறநிலையத்தைக் கொடுத்தவர் காமராஜர். கோயிலுக்குள் நுழையத் தடை இருந்த சமூகத்திலிருந்து வந்தவரைக் கோயில்களுக்கே அமைச்சராக்கி, பரிவட்டம் கட்ட வைத்தார். இந்த முறை கக்கனிடம் மின்சாரம் நீங்கலான பொதுப்பணித் துறையைக் கொடுத்தார். ஹரிஜன நலமும் அவரிடம்தான். ஆனால் அதை மட்டும் கொடுத்து ஒதுக்கி வைக்கவில்லை.

பொதுப்பணித் துறை என்றால் அணை, கால்வாய், மதகு, அரசுக் கட்டடம். அதாவது ஒப்பந்தம், டெண்டர், சிமெண்ட், கம்பி. எந்தக் காலத்திலும் பணம் புழங்குகிற துறை அதுதான். ஐந்தாண்டுத் திட்டங்களின் காசு வந்து கொட்டிய காலம் வேறு. வைகை அணையின் வேலை ஆரம்பித்தது கக்கன் அமைச்சராவதற்கு முன்பே என்றாலும், முடிந்து திறக்கப்பட்டது அவர் துறையைக் கவனித்தபோது. 1959 ஜனவரி 21-ல் காமராஜர் திறந்துவைத்தார். சாத்தனூர், கிருஷ்ணகிரி, மணிமுத்தாறு என்று அந்த ஆண்டுகளில் வரிசையாக அணைகள் எழுந்தன. கக்கன் தனியாகக் கட்டினார் என்று சொல்வது மிகை. திட்டமிட்ட பொறியாளர்களும் பணம் ஒதுக்கியவர்களும் முடிவெடுத்த முதலமைச்சரும் உண்டு. ஆனால் இத்தனை கோப்புகள் கடந்துபோன ஒரு மேசையில் ஒரு ரூபாய்கூட ஒட்டிக்கொள்ளவில்லை. மருத்துவமனைக் கதையை இந்த மேசையிலிருந்து பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். ஏழையாகப் பிறந்தவர் ஏழையாகவே இருந்தார் என்று அதைச் சுருக்கக் கூடாது. கமிஷன் தானாக வந்து விழுகிற துறையை ஐந்தாண்டு நடத்திவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தது நிர்வாகத் திறமை சேர்ந்த ஒரு சாதனை.

வைகை அணை மேலூருக்கு என்ன செய்தது என்பதை அந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் தெரியும். 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வருகிறது. பேரணையில் திருப்பி, பெரியாறு பிரதான கால்வாயில் விடுகிறார்கள். கள்ளந்திரி வரை இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே, மேலூர்ப் பகுதி ஒருபோகம். அணை இல்லாத காலத்தில் வந்த தண்ணீர் வந்தபடியே ஓடியது. தேவையில்லாதபோது மிதமிஞ்சி வந்து, தேவைப்படும்போது வராமல் போகும். வைகை அணை அதைத் தேக்கிவைத்து, நாற்றங்காலுக்கும் நடவுக்கும் பார்த்துத் திறந்துவிட வழி செய்தது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்கிறதா இல்லையா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மேலூர் விவசாயிகள் தண்ணீர் கேட்டுச் சாலையில் உட்காரத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்களில் நாற்று நட்டவர்கள் பெரும்பாலும் கக்கனின் மக்கள். வயலுக்குச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வேறு மக்கள். தண்ணீரைக் கொண்டுவர முடிந்த அரசால் நிலத்தைப் பிரித்துக் கொடுக்க முடியவில்லை. காங்கிரஸ் அரசு கொண்டுவந்த நில உச்சவரம்புச் சட்டத்தில் இருந்த ஓட்டைகளை அந்தக் கட்சியின் மிராசுதாரர்களே நன்றாக அறிந்திருந்தார்கள். அந்த அமைச்சரவையில் இருந்த கக்கனுக்கும் அந்தத் தோல்வியில் பங்கு உண்டு.

1962-ல் சமயநல்லூரில் வென்று வேளாண்மையைக் கவனித்தார். 1963 அக்டோபரில் காமராஜர் பதவி விலகி, பக்தவத்சலம் முதலமைச்சரானார். கக்கன் உள்துறை அமைச்சரானார். சிறையில் அடைக்கப்பட்டவர் சிறைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் பொறுப்பேற்றார். லஞ்ச ஒழிப்பு, கண்காணிப்புக்கென்று தனி இயக்ககம் 1964-ல் உருவானது இவர் காலத்தில்தான். இன்று ஆட்சி மாறும்போதெல்லாம் முன்னாள் அமைச்சர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற அதே இயக்ககம்.

அடுத்த ஆண்டு வந்தது 1965 ஜனவரி. கக்கனைப் பற்றிப் பேசுகிறவர்கள் வசதியாகத் தாண்டிப் போகிற ஆண்டு. இந்தி ஆட்சிமொழியாகும் நாளுக்கு முந்தைய நாள், ஜனவரி 25 அன்று, மதுரையில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகம் அருகே கட்சித் தொண்டர்களோடு மோதல். மாணவர்கள் வெட்டுப்பட்டார்கள். செய்தி பரவி மாநிலமே கொந்தளித்தது. ஜனவரி 27-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் பலியானார். பிப்ரவரி நடுவரை ஊர் ஊராகத் துப்பாக்கிச் சூடு. அரசுத் தரப்புக் கணக்கிலேயே எழுபது பேர் வரை இறந்தார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிட அதிகம் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள்.

காவல் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் கக்கன். பக்தவத்சலத்தின் பிடிவாதம் என்று சொல்லி இவரை விடுவிக்கிறவர்கள் உண்டு. டெல்லியின் அழுத்தம் என்பாரும் உண்டு. இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பிப்ரவரி 11-ல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். துப்பாக்கிகளுக்கு நேரடியாகப் பொறுப்பான மாநில அமைச்சரவையிலிருந்து அப்படி ஒரு கடிதம் வரவில்லை. கக்கன் எழுதியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. எழுதியிருந்தால் 1967-ல் தோற்காமல் இருந்திருப்பார் என்று சொல்லவில்லை. அந்த அலையில் யாரும் தப்பியிருக்க முடியாது. ஆனால் மதுரைத் தெருக்களில் வெட்டுப்பட்ட பிள்ளைகளுக்கு மதுரைக்கார அமைச்சர் ஒருவர் செய்ய வேண்டிய கடமை அது. கைசுத்தம் ஒருவரை எல்லாப் பழியிலிருந்தும் காப்பாற்றிவிடாது. கக்கனைத் தெய்வமாக்கி வைத்திருப்பதால்தான் இதை யாரும் எழுதுவதில்லை. தெய்வத்தைக் கும்பிடலாம், அதனிடமிருந்து அரசியல் கற்றுக்கொள்ள முடியாது.

1967-ல் காங்கிரஸ் 51 இடங்களுக்குச் சுருங்கியது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். மேலூர்ப் பக்கம் கக்கன் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். அமைச்சருக்கான வீடும் வண்டியும் போயின. சொந்தமாக வீடு இல்லை. நகரப் பேருந்தில் அவரைப் பார்த்தோம் என்று சொல்கிறவர்கள் மதுரையிலும் சென்னையிலும் இருந்தார்கள். நாடாளுமன்ற முன்னாள் உறுப்பினர்களுக்கு ஓய்வூதியம் என்ற ஏற்பாடே 1976-ல்தான் வந்தது. அதற்கு முன்பு, பணம் சேர்க்காத அரசியல்வாதி தோற்றால் என்ன ஆவார் என்ற கேள்விக்கு அரசிடம் பதிலில்லை. கட்சியிடமும் இல்லை. 1969-ல் காங்கிரஸ் உடைந்தது. 1975-ல் காமராஜர் மறைந்தார். அதன்பின் கக்கனை விசாரிக்க ஆளில்லை. 1981 டிசம்பர் 23-ல் சென்னையில் இறந்தார்.

நான் கேட்க விரும்புவது இதைத்தான்: அந்தப் பொது வார்டு யாருக்குப் பெருமை? கக்கனுக்கா? தம் மாநிலத் தலைவராக இருந்தவரை, பத்தாண்டு அமைச்சரை, ஒரு நல்ல மருத்துவரிடம் கூட்டிப்போகக்கூட வராத கட்சிக்கு அது வெட்கக்கேடு. மாற்றுக் கட்சி முதலமைச்சர் தற்செயலாக வந்து கண்டுபிடிக்கும் வரை காங்கிரஸ்காரர்கள் எங்கே இருந்தார்கள்? மேடையில் அந்தக் கதையைச் சொல்லி எளிமை, எளிமை என்று உருகும்போது, கைவிட்டவர்களின் குற்றம் இறந்தவரின் குணமாக மாறிவிடுகிறது. ஒரு தலித் தலைவர் ஏழ்மையில் செத்தால்தான் உத்தமர் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து ஊறுகிறது. மற்றச் சாதித் தலைவர்களின் வாரிசுகள் கல்லூரி கட்டியதை ‘ஊருக்கு உழைத்தார்கள்’ என்று பாராட்டும் அதே வாய், தலித் அமைச்சர் ஒருவர் சொந்த வீடு கட்டினால் ‘கக்கன் எப்படி இருந்தார் தெரியுமா’ என்று கேட்கிறது. கக்கனின் பெயர் இப்படிப் பிரம்பாகப் பயன்படுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பிரம்பு எப்போதும் ஒரே முதுகில்தான் விழுகிறது.

தலித் இயக்கங்களின் உள்ளேயே கக்கன் மீது விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. அவர் காந்தி வழி வந்தவர். அம்பேத்கரின் பட்டியல் சாதிகள் சம்மேளனத்தில் சிவராஜும் மீனாம்பாளும் எழுப்பிய சுயமரியாதைக் குரல் அவரிடம் இருந்ததில்லை. கட்சிக்குக் கட்டுப்பட்டவர். அவர் அமைச்சராகி ஐந்து மாதங்களில், 1957 செப்டம்பர் 11-ல், பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் சாதிக் கலவரத்தில் எரிந்தது. அந்த நேரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாகக் கக்கன் ஒலித்தாரா, காங்கிரஸ் அமைச்சராக மட்டும் நின்றாரா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தனித் தொகுதியின் கட்டமைப்பே அப்படி. வேட்பாளர் தலித், ஜெயிக்க வைக்கும் வாக்குகள் பெரும்பாலும் பிறருடையவை. யாரிடம் வாக்குக் கேட்க வேண்டுமோ அவர்களை எதிர்த்துப் பேச முடியாது. கக்கனின் அடக்கத்தில் பாதி அவர் இயல்பு என்றால், மீதி, தனித் தொகுதி முறையைக் கொண்டுவந்த பூனா ஒப்பந்தம் போட்ட கட்டு. அந்தக் கட்டுக்குள் இருந்துகொண்டே அவர் பொதுப்பணிக்கும் காவல் துறைக்கும் போனார் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

கக்கனுக்குப் பின் அவர் மண்ணில் என்ன நடந்தது? அதே மேலூர் வட்டத்தில் மேலவளவு இருக்கிறது. 1996-ல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலை மீறித் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும்போது பட்டப்பகலில் வழிமறித்து அவரையும் உடன் இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். கக்கன் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்து ஐம்பத்தெட்டு ஆண்டு ஆகப்போகிற நேரம். மாநிலத்தின் காவல் துறையை நடத்திய ஒரு தலித் பிறந்த வட்டாரத்தில், ஓர் ஊராட்சி மன்ற நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்ததற்குத் தண்டனை மரணம். தண்டிக்கப்பட்டவர்களில் 13 பேர் 2019-ல் முன்கூட்டியே விடுதலையானார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். தனி ஊராட்சியாக அறிவித்த 1996 முதல் பத்தாண்டு அங்கே முறையான தலைவர் இல்லை. வேட்புமனுப் போட ஆளை விடமாட்டார்கள். போட்டாலும், ஜெயிக்கிறவர் மறுநாளே ராஜினாமா செய்ய வேண்டும். 2006 அக்டோபரில்தான், ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராக உட்கார்ந்து பேசி, தேர்தலை நடத்தினார். 2008-ல் உத்தப்புரத்தில் தலித் மக்களைத் தடுத்து நின்ற சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாநிலத்தை ஆண்ட இரண்டு கட்சிகளின் மதுரைக் கூட்டங்களிலும் கக்கனின் எளிமை போற்றப்படாத ஆண்டு இருந்திருக்காது.

1967-க்குப் பிறகு காவல் துறையை முதலமைச்சர்களே தம்மிடம் வைத்துக்கொள்வது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. தனி உள்துறை அமைச்சர் என்பதே அரிது. மற்றப் பெரிய துறைகளைப் பாருங்கள். நிதி, வருவாய், நீர்வளம், நெடுஞ்சாலை, தொழில் ஆகியவற்றில் தலித் அமைச்சர்களை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? ஆதிதிராவிடர் நலத் துறை மட்டும் தவறாமல் அவர்களிடம் வந்து சேரும். 2024-ல் கோவி. செழியனிடம் உயர்கல்வி கொடுக்கப்பட்டபோது அது பெருஞ்செய்தி ஆயிற்று. 1957-ல் பொதுப்பணியைக் கொடுத்த மாநிலத்தில் 2024-ல் உயர்கல்வி செய்தியாகிறது! தேர்தல் சீட்டும் அப்படித்தான். கக்கன் நின்ற சமயநல்லூர்த் தொகுதி மறுசீரமைப்பில் போய்விட்டது. இப்போது மதுரை மாவட்டத்தில் தனித் தொகுதி சோழவந்தான் ஒன்றுதான். மேலூர் பொதுத் தொகுதி. அங்கே ஒரு தலித் வேட்பாளரை நிறுத்தப் பெரிய கட்சிகள் துணிவதில்லை. 2001 திருச்சி மக்களவை இடைத்தேர்தலில் பொதுத் தொகுதியில் தலித் எழில்மலையை அ.தி.மு.க. நிறுத்தி வெல்ல வைத்தது. வெல்ல முடியாது என்பது சாக்கு என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அதைப் போல வேறு உதாரணங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தும்பைப்பட்டியில் கக்கனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் முகம் பொறித்த அஞ்சல் தலை வந்திருக்கிறது. ஜூன் 18-ல் மாலைகள் விழும். அவையெல்லாம் இருக்கட்டும். அவர் மக்களவையிலும் சட்டமன்றத்திலும் பேசியவை அவைக் குறிப்புகளில் அச்சாகி நூலகங்களில் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து ஒரு நூலாக்குவது அரசுக்கு ஒரு மாத வேலை; மதுரைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வு மாணவர்கள் உட்கார்ந்தால் முடியும். பொதுப்பணித் துறையில் அவர் எடுத்த முடிவுகள், 1965-ல் உள்துறை போட்ட உத்தரவுகள் ஆகியவற்றின் கோப்புகளை ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். அதில் அவருக்குப் பெருமை சேர்ப்பதும் இருக்கும், சங்கடம் தருவதும் இருக்கும். இரண்டையும் அச்சிட வேண்டும். அமைச்சர் ஒருவருக்குச் செய்கிற மரியாதை அதுதான்.

கட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். கக்கனைப் போல எளிமையாக இருங்கள் என்று தலித் தலைவர்களுக்குச் சொல்வதை நிறுத்துங்கள். காமராஜர் கக்கனுக்குக் கொடுத்த துறைகளை அவர்களுக்குக் கொடுங்கள். மேலூரில் சீட்டுக் கொடுங்கள். மாநிலத் தலைவர் நாற்காலியைக் கொடுங்கள். தோற்றால் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். நோயில் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.